ஆறு என்று மட்டும் சொன்னவர்

கண்டக்டரம்மா தெருவில் கிடப்பவர்களை வேனில் அள்ளிக்கொண்டு போய்க் கிட்னியை எடுத்து விற்கிறார் என்ற செய்தி, கண்டக்டரம்மாவின் காதுக்கு வந்து சேர ஒன்பது நாள் ஆனது. ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் சம்பந்தப்பட்டவருக்குத் தெரியும் என்பது இந்த மாதிரிச் செய்திகளின் ராசி. முடிவெட்டும் கடையில் யாரோ யாரிடமோ சொன்னதை, கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்திருந்த அவருடைய தம்பி கேட்டான். வலது பக்கம் வெட்டி இடது பக்கம் வெட்டாத தலையோடு அப்படியே எழுந்து வந்துவிட்டான்.

வந்தவன் நேராக விஷயத்துக்கு வரவில்லை. தண்ணீர் குடித்தான். வேன் சாவியை எடுத்தான், வைத்தான். சமையலறை வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்து, தலைக்கு என்ன ஆச்சு என்று கேட்ட பிறகுதான் கொட்டினான்.

கண்டக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயத்தால்தான்.

"எனக்கு இருக்கிற ரெண்டுல ஒண்ணுல கல்லு. நல்லதா ஒண்ணு கையில கிடைச்சா விப்பனா? நானே மாட்டிக்க மாட்டேன்?"

தம்பி சிரிக்கவில்லை. போனை எடுத்து ஒரு குரல் பதிவைப் போட்டான். ஒரு பெண் அழுதழுது பேசினாள். காணாமல் போன உங்கள் ஆள் எங்களிடம் இருக்கிறார், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று போன் வருமாம். போனால் திரும்பி வர முடியாதாம். தெரியாத எண் எதையும் எடுக்க வேண்டாம், முக்கியமாக இந்த இரண்டு எண்களை எடுக்கவே வேண்டாம் என்று சொல்லி, எண்களை ஒவ்வொன்றாக, இரண்டு முறை, பிள்ளைக்குப் பாடம் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஒன்று கண்டக்டரம்மாவின் எண். மற்றது தம்பியினுடையது. வேனின் இரண்டு பக்கமும் முழ நீளத்துக்கு எழுதி வைத்திருக்கும் எண்கள்தான். நாலு வருஷமாக எவன் கண்ணிலும் படாத எழுத்து இப்போது ஊர் முழுக்க மனப்பாடம்.

அப்போதுதான் கண்டக்டரம்மாவின் கையிலிருந்த கத்தி நின்றது. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். கல் எறிந்தால் கதவைச் சாத்தலாம். ஆனால் அவருடைய பிழைப்பே போன்தான். எங்கோ ஒரு வீட்டில் கைவிட்டுப் போன நம்பிக்கையோடு உட்கார்ந்திருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு, உங்கள் ஆள் இருக்கிறார் என்று சொல்வது. அதை எடுக்காதே என்றால்?

அதுவும் இந்த வாரம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு போனை யாராவது எடுத்தே ஆக வேண்டிய வாரம்.

கண்டக்டரம்மா என்பது பட்டப்பெயர் இல்லை, இருபத்தாறு வருஷம் பார்த்த வேலை. அதில் பதினோரு வருஷம் ஆறாம் நம்பர் பஸ். ஒரு போக்குக்கு இருபத்திரண்டு நிறுத்தம். விசிலை உதட்டிலும் பையைத் தோளிலும் மாட்டிக்கொண்டால், சில்லறை இல்லை என்று தகராறு செய்யும் ஆள் தொடங்கி, தூங்குவதுபோல நடித்து ஓசியில் போகும் ஆள் வரை ஒருவரும் அவரிடமிருந்து தப்ப முடியாது.

அந்தப் பஸ்ஸில்தான் ஒருநாள் ஒரு மனிதர் ஏறினார். மழைக்காலம். ஒரு கையில் பிளாஸ்டிக் பை, மறு கையில் எதுவும் இல்லை, பார்வையில் யாரும் இல்லை. எங்கே இறங்கணும் என்று கண்டக்டரம்மா கேட்டார். பதில் இல்லை. இரண்டாம் முறை குரலை உயர்த்தினார். மூன்றாம் முறை கேட்கவில்லை, விசிலை ஊதினார். இரண்டு நிறுத்தத்துக்கு நடுவில் அந்த ஆளை இறக்கிவிட்டு பஸ் போய்விட்டது. அடுத்த மூன்று நாளும் அதே இடத்தில், அதே விளக்குக் கம்பத்தைப் பிடித்தபடி அவர் நிற்பதைப் பஸ் ஜன்னலிலிருந்து கண்டக்டரம்மா பார்த்தார். நான்காம் நாள் கம்பம் மட்டும் நின்றது. டீக்கடையில் கேட்டார், காவல் நிலையத்தில் கேட்டார், பிணவறை வரைக்கும் போய்க் கேட்டார். எந்த ஆளைச் சொல்கிறீர்கள் என்று எல்லோரும் திருப்பிக் கேட்டார்கள்.

தம்பியிடம் பிறகு ஒருமுறைதான் அதைப் பற்றிப் பேசினார். "அந்த ஆள் பதில் சொல்லிருப்பான்டா. கொஞ்சம் லேட்டா சொல்லிருப்பான். நான்தான் நிக்கல."

ஓய்வு பெற்றதும் காப்பகம் நடத்த, பழைய டயர் ரிப்பேர் ஷெட் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். இன்றைக்கும் வெயில் ஏறினால் சுவரிலிருந்து ரப்பர் வாடை வரும். முன்பக்கம் ஆண்கள் கூடம், தடுப்புக்குப் பின்னால் பெண்கள் கூடம், டயர் கழுவிய தொட்டி இருந்த இடத்தில் குளியலறை. வயரிங் வேலை முழுக்க அவருடைய கணவரே செய்து கொடுத்தார். ஸ்விட்சைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஊர்ல காணாமப் போனவனை எல்லாம் தேடுறியே, நான் காணாமப் போனா உனக்குத் தெரியவாவது தெரியுமா?" என்று கேட்டார். சாப்பாட்டு நேரத்தில் தெரிந்துவிடும் என்று பதில் வந்தது.

கண்டக்டரம்மாவின் முறை வேறு யாருக்கும் வராது. சாலையோரம் கிடப்பவரிடம் போய்ப் பெயர் என்ன, ஊர் என்ன என்று கேட்க மாட்டார். அது போலீஸ்காரன் கேட்கிற கேள்வி, கேட்டதும் மனிதர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார் என்பார். பக்கத்தில் உட்காருவார். பஸ்ஸில் கேட்பதுபோலவே, "எங்க இறங்கணும்?" என்று ஒரே ஒரு முறை கேட்பார். பிறகு வாயைத் திறக்க மாட்டார். அரைமணி ஆகும், இரண்டு மணி ஆகும். ஒரு பெண்மணிக்கு நான்கு நாள் ஆனது. தன் பெயரை மறந்தவர்கள்கூட இதற்கு ஏதோ ஒரு பதில் சொன்னார்கள். பள்ளிக்கூடம் என்றார் ஒருவர். அம்மா வீடு என்றார் இன்னொருவர். டிக்கெட் அடிக்கும் மெஷின் வந்தபோது டிப்போவில் தூக்கிப் போட்ட பழைய டிக்கெட் கட்டுகளை ஒரு மூட்டை வைத்திருந்தார் கண்டக்டரம்மா. அதிலிருந்து ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் அந்தப் பதிலை எழுதிக் கையில் கொடுப்பார். டிக்கெட் கொடுத்த ஆளை அவருடைய இடத்தில் இறக்கிவிட்டே ஆக வேண்டும். அதற்கு மேல் அந்தக் காப்பகத்தில் சட்டதிட்டம் ஒன்றும் கிடையாது. இதுவரை நாற்பத்தொரு பேர் இறங்கிவிட்டார்கள். பதினான்கு பேர் இன்னும் பயணத்தில்.

அந்தப் பதினான்கில் ஒருவர்தான் ஆறு.

போன வருஷம் டிப்போ மதில் ஓரத்தில் கிடந்தார். ஐம்பது வயது இருக்கலாம். சடை பிடித்த தலை, ஒரு காலில் புண், ஒற்றைச் செருப்பு. கண்டக்டரம்மா கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றேகால் மணி நேரம் கழித்து அந்த மனிதர், "ஆறு" என்றார்.

வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் எப்படியோ. ஆறாம் நம்பரில் பதினோரு வருஷம் நின்ற கால்களிடம் சொன்னால் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்ளும்? டிக்கெட்டில் பெரிதாக 6 என்று எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருடைய புகைப்படத்தோடு அந்த இருபத்திரண்டு நிறுத்தங்களையும் சலித்தார். கடை கடையாக, சந்து சந்தாக. தெரியாது, பார்த்ததில்லை, அட நம்ம கண்டக்டரம்மாவா, ரிட்டயர் ஆகிட்டீங்களா. இவ்வளவுதான் கிடைத்தது.

மற்றவர்கள் சும்மா இருப்பார்களா. செவ்வாய்க்கிழமைகளில் வரும் டாக்டர், ஆற்றங்கரை ஊர்க்காரராக இருக்கும் என்றார். தம்பி வேனை எடுத்துக்கொண்டு ஆற்றின் இரண்டு கரையிலும் போய்வந்தான். சமையல் பார்க்கும் மாஸ்டர், தானும் ஒரு காலத்தில் டிக்கெட் வாங்கி உள்ளே வந்து, இறங்க மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டவர், இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. "டீயைக் கண்டாத்தான் அந்த வார்த்தை வருது. சூடா இருக்கு, ஆத்திக் குடுங்கடாங்கிறாரு. இதுக்குப் போய் ஊரைச் சுத்துறீங்க" என்று சொல்லி, தினமும் இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஊற்றி ஆற்றிக் கொடுத்தார். ஆறும் அமைதியாக வாங்கிக் குடித்தார். மாஸ்டருக்கு அதில் ஒரே பெருமை.

ஒரு விஷயத்தைத்தான் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. முதல் நாள் குளிப்பாட்டியபோது தெரிந்தது. இரண்டு முன்கைகளிலும், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, கோடு போட்ட நோட்டுப்போல வரிசையாகச் சூட்டுத் தழும்புகள். யாரோ கம்பியைக் காய்ச்சி இழுத்திருக்கிறார்கள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். இந்தக் கையை இப்படிச் செய்த வீட்டுக்கே இவரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவோமோ என்ற பயம் கண்டக்டரம்மாவுக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு கதவையும் தட்டும்போது, யாரும் தெரியும் என்று சொல்லிவிடக் கூடாதே என்றும் ஒரு மனசு சொல்லும்.

இப்போது அரசு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. ஒரு வருஷமாகியும் உறவினரோ விலாசமோ தெரியாத நபர்களைச் சிறிய காப்பகங்களில் வைத்திருக்கக் கூடாது, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும், அங்கிருந்து வண்டி எட்டு மணி நேரத் தொலைவில் உள்ள பெரிய காப்பகத்துக்குப் போகும். அங்கே எழுநூறு பேர். அங்கே போனால் ஆறு என்பவர் எழுநூற்றியொன்று ஆகிவிடுவார். டீயை ஆற்றிக் கொடுக்க ஆள் இருக்காது. இப்போதுதான் இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை என்று பேசத் தொடங்கியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை, வெந்நீர்ப் பாத்திரத்தை இறக்கும்போது கண்டக்டரம்மாவின் கையில் சுட்டுவிட்டது. பெரிய காயம் இல்லை. ஆனால் மூலையில் உட்கார்ந்திருந்த ஆறு எழுந்து வந்தார். அவராக எழுந்து யார் பக்கத்திலும் வந்ததில்லை. கண்டக்டரம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பி, சிவந்த இடத்தில் வாயைக் குவித்து ஊதினார்.

"ஆறு... ஆறு... ஆறு..."

ஒவ்வொரு ஊதலுக்கும் ஒன்று. பிறகு தன் முழுக்கைச் சட்டையை மேலே தள்ளித் தழும்புகளைக் காட்டினார். "தட்டு சுடும். தங்கச்சி ஊதுவா. ஆறு ஆறுன்னு ஊதுவா."

கண்டக்டரம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. எண்ணும் இல்லை, நதியும் இல்லை. ஒருத்தி இவருடைய சூட்டுக் காயத்தைப் பார்த்து, ஆறிவிடு என்று சொல்லிச் சொல்லி ஊதியிருக்கிறாள். எங்கே இறங்கணும் என்று கேட்டதற்கு இந்த மனிதர் முதல் நாளே சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார். ஒரு வருஷமாக அவரைத் தவறான பஸ்ஸில் ஏற்றி வைத்திருந்தது கண்டக்டர்.

"நான்தான் அப்பவே சொன்னேனே," என்றார் மாஸ்டர். "நீ டீன்னு சொன்னே," என்றான் தம்பி.

தட்டு என்றால் எந்தத் தட்டு? சாப்பாட்டுத் தட்டு கோடு கோடாகச் சுடாது. கண்டக்டரம்மா கையில் மருந்துகூடப் போடாமல் தெருமுனை பேக்கரிக்குப் போனார். பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்து, அடுப்படியில் நின்றிருந்த ஆளிடம், "தம்பி, கொஞ்சம் கையைக் காட்டுப்பா" என்றார். அவர் என்னவோ ஏதோ என்று நீட்டினார். மாவு அப்பிய முன்கையில் அதே கோடுகள். இரண்டு புதிது, மற்றதெல்லாம் பழசு.

"இது அடுப்புத் தட்டு பட்டதும்மா. உள்ள கை விட்டு இழுக்கும்போது மேல்தட்டு விளிம்பு படும். எல்லா அடுப்புக்காரனுக்கும் இருக்கும். எங்க ஐடி கார்டே இதுதான்."

யாரும் காய்ச்சி இழுக்கவில்லை. கண்டக்டரம்மா அங்கேயே மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். ஒரு வருஷமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது, கிட்னியில் இருப்பது அப்படியே இருந்தாலும்.

அடுப்புக்காரர்களுக்கென்று போனில் ஒரு குழு இருந்தது. புகைப்படம் அதில் போனது. வியாழக்கிழமை மதியம் ஷெட்டுக்கு எதிர்ப்புறம், சாலையைத் தாண்டாமல், ஒரு பெரியவர் வந்து நின்றார். துணைக்கு மருமகனையும் கூட்டி வந்திருந்தார். மூடிப்போன ஒரு பேக்கரியின் முதலாளி. போன் செய்யப் பயமாக இருந்ததாம், அந்த எண்ணைப் பற்றி என்னென்னவோ சொல்கிறார்களாம். உள்ளே வாங்க என்று கண்டக்டரம்மா கூப்பிட்டதற்கு, மருமகன் மாமனாரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். கடைசியில் ஆறே வாசல் கேட்டுக்கு வந்து நின்றார். பெரியவர் ஒரே ஓட்டமாகச் சாலையைத் தாண்டிவிட்டார்.

ஒன்பது வருஷம் தன்னிடம் அடுப்பு பார்த்தவர் என்றார். கூடப் பிறந்த தங்கை அங்கேயே ரொட்டிக்குக் கவர் போட்டாளாம். இரண்டு பேரும் கடைக்குப் பின்னாலிருந்த அறையில் இருந்தார்களாம். அண்ணனுக்குப் புத்தி தடுமாற ஆரம்பித்து, நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் மாவு வாங்கப் போனவர் திரும்பவில்லை. தங்கை வேலையைப் பாதியில் போட்டுவிட்டுத் தேடப் போவதும் வருவதுமாக இருந்தாள். எல்லா அலுவலகப் படியும் ஏறி மனு கொடுத்தாள். பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அவள் போன் எண் மட்டும் தன்னிடம் இருக்கிறது என்றார்.

"நீங்களே கூப்பிட்டுச் சொல்லிடுங்களேன்," என்றார் கண்டக்டரம்மா.

பெரியவர் தரையைப் பார்த்தார். "நான் கூப்பிட்டா எடுக்க மாட்டா. அண்ணனா வேலையான்னு கேட்டேன் அன்னைக்கு. கேக்கக் கூடாதது."

கூப்பிட்டும் பார்த்தார். இரண்டு முறை மணி அடித்ததும் துண்டிக்கப்பட்டது.

கண்டக்டரம்மா தன் போனில் கூப்பிட்டார். அடித்து ஓய்ந்தது. தம்பியின் போனில் கூப்பிட்டால் மணியே அடிக்கவில்லை, அந்த எண்ணையே தடுத்து வைத்துவிட்டாள் போல. முடிவெட்டும் கடைக்காரரின் போன், டாக்டரின் போன், பேக்கரி அடுப்புக்காரரின் போன். அந்தப் பதிவு அவள் ஊர் வரைக்கும் போயிருக்க வேண்டும். தெரியாத எண் எதையும் எடுக்காதே என்று அந்த அழுகைக் குரல் சொன்னதை அவள் அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தாள். வெள்ளிக்கிழமை மதியம் வரை பத்தொன்பது அழைப்பு. அவள் தப்பு என்ன இருக்கிறது என்றார் கண்டக்டரம்மா. அண்ணனைத் தேடித் தேடி ஏமாந்தவள், இன்னொரு ஏமாற்றுக்குத் தயாராக இல்லை.

மூன்று மணிக்கு ஆறுக்குச் சட்டை மாற்றிவிட்டார். சட்டைப் பையிலிருந்த டிக்கெட்டை எடுத்து, 6 என்பதை அடித்து, தங்கச்சி என்று எழுதித் திரும்ப வைத்தார். தம்பி வேனை எடுத்தான். அவன் தலை இன்னும் ஒரு பக்கம் வெட்டாமலேயே இருந்தது, கடைக்காரரிடம் போன் வாங்கப் போனபோதுகூட உட்கார நேரமில்லை. ஒப்படைக்கத்தானே போகிறோம் என்று கேட்டான். அக்கா ஆறுக்குக் கை கொடுத்து வேனில் ஏற்றிவிட்டார்.

அலுவலக முற்றத்தில் வண்டி ஏற்கெனவே வந்து நின்றது. டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதிகாரி நல்ல மனிதர்தான், அதுதான் சங்கடம். தான் கையெழுத்துப் போடும் காகிதம் எதையும் தான் எழுதவில்லை என்று வருத்தப்படுகிற ரகம். ஆறு பெஞ்சில் உட்கார்ந்தார். ஊழியர் ஒருவர் அவருக்கும் சேர்த்து டீ கொண்டுவந்து வைத்தார்.

கண்டக்டரம்மா நடந்ததை எல்லாம் சொன்னார். அதிகாரி கேட்டுவிட்டு, உறவினர் நேரில் வர வேண்டாம், போனில் ஒப்புக்கொண்டு விலாசம் சொன்னாலே போதும், தானே பதிவு செய்துகொள்வதாகச் சொன்னார். ஆனால் ஐந்து மணிக்கு மேல் தன் கையில் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் நாலு முப்பத்தாறு.

"அப்போ உங்க போனைக் குடுங்க சார்."

"என் போனா?"

"உங்க சொந்த போன் இல்ல. மேசைமேல இருக்கே, அந்த ஆபீஸ் போன். அதுல கூப்பிட்டா உங்க ஆபீஸ் பேரு அவ போன்ல விழும். நாலு வருஷம் முன்னாடி இங்கதான் மனு குடுத்திருக்கா. இந்த நம்பரைப் பேரோட பதிஞ்சு வெச்சிட்டு, என்னைக்காவது ஒரு போன் வரும்னு காத்திருந்திருப்பா."

அலுவலகப் போனில் பொதுமக்கள் பேசுவது வழக்கமில்லை என்று அதிகாரி இழுத்தார்.

கண்டக்டரம்மா நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் பேசல. நீங்க பேசுங்க. என் போனை ஊரே எடுக்க மாட்டேங்குது, உங்க போனை எடுப்பா. இவரை ஒருத்தி இறக்கிக்கிற வரைக்கும் நான் இந்த நாற்காலிய விட்டு எழுந்திரிக்கிறதா இல்ல. வேணும்னா என்னையும் சேர்த்து அந்த வண்டியில ஏத்துங்க. எழுநூத்தி ரெண்டா இருந்துட்டுப் போறேன்."

அதிகாரி அவரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், காகிதத்தை வாங்கி எண்ணை அழுத்தினார். அறையில் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை, நின்றுவிட்டது.

முற்றத்தில் வண்டியை ஸ்டார்ட் செய்யும் சத்தம் கேட்டது. தம்பி ஜன்னல் பக்கம் போய் டிரைவரிடம் ஏதோ சொன்னான்.

"வேலையில இருப்பா," என்றார் கண்டக்டரம்மா. "கை வேலையா இருக்கும். போனைப் பார்த்திருப்பா, பேரைப் பார்த்திருப்பா, நம்பாம நின்னுட்டிருப்பா. கொஞ்சம் லேட்டா எடுப்பா. இன்னொரு தடவை அடிங்க சார்."

நாலு நாற்பத்தொன்று. அதிகாரி மறுபடியும் அழுத்தினார்.

பெஞ்சில் ஆறு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, வாயைக் குவித்து ஊதினார். கண்டக்டரம்மா மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார். ஒருமுறை கேட்டுவிட்டு எவ்வளவு நேரமும் வாய் திறக்காமல் உட்காருவது அவருக்குப் பழக்கம். மணி மூன்றாம் முறை அடித்தது. நான்காம் முறை. ஐந்தாம் முறை.